மியூசியத்தில் வாங்கிய தீர்த்தம்

ஒரு பெண்ணிடம் நல்ல பெயர் வாங்க நான் அறிவாளி வேஷம் போட்டிருக்கிறேன். அது பத்து நிமிஷம்கூடத் தாங்கவில்லை.

எங்கள் ஸ்ரீரங்கத்து வழக்கப்படி பெண் பார்ப்பது கோயிலில்தான். எனக்குப் பார்த்த கே.கே. நகர் ரேவதியோ, சொந்தக்காரக் கூட்டம் வேண்டாம், முதலில் தனியாகப் பேசலாம் என்று சொல்லி அனுப்பினாள். போட்டோவைப் பார்த்தே நான் கவிழ்ந்திருந்தேன். அவள் ஏற்கெனவே மூன்று பேரை வேண்டாம் என்றவள் வேறு. கோயில், வீடு தவிர எதுவும் தெரியாதவன் என்று நினைத்துவிடுவாளே! அதனால் டவுனில், பழைய அரண்மனைக் கட்டடத்தில் இருக்கும் மியூசியத்துக்கு வரச் சொன்னேன். இரண்டு நாள் போனில் படித்து மனப்பாடமும் செய்துகொண்டேன்.

போனதும் ஆரம்பித்தேன். தூண், வளைவு, பீரங்கிக் குண்டு எதையும் விடவில்லை. தெரியாத இடத்தில் "நாயக்கர் காலம்" என்று சமாளித்தேன். அவள் பொறுமையாகத் தலையாட்டினாள். (அவள் ஹிஸ்டரி டீச்சர் என்று ஒரு மனுஷர் சொல்லியிருக்கக் கூடாதா?)

கடைசியில் ஒரு கல் பெருமாள். மூக்கு உடைந்து, ஒரு கை இல்லாமல், எந்த ஊரில் கிடைத்தார் என்ற அட்டையோடு சுவரோரம் நின்றிருந்தார். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. மாலை இல்லை, விளக்கு இல்லை, பாவமாக இருந்தது. கண்ணை மூடிக் கும்பிட்டேன். திறந்தபோது பக்கத்தில் காவலாளி பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தார். கோயிலில் தீர்த்தம் வாங்குவதுபோல் என் வலது கை தானாகக் குவிந்து நீண்டது.

"தண்ணி வேணுமா சார்?" என்று அவர் ஊற்றினார். உறிஞ்சிவிட்டு மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டேன். அதோடு விட்டேனா? தீர்த்தத்துக்குப் பின் பெருமாள் கோயிலில் தலைமேல் கவிழ்ப்பார்களே, அந்தச் சடாரியையும் வைப்பார் என்று வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து நின்றேன். ஒன்றும் தலையில் படவில்லை. நிமிர்ந்தால், காவலாளி என்னைவிட்டு இரண்டடி தள்ளி நின்றிருந்தார்.

"சாருக்கு உடம்புக்கு ஏதாவதுங்களா?" என்று அவளிடம் கேட்டார்.

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது. நாலாவது ஆளும் காலி என்று முடிவு கட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன். பின்னால் அவள் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். சிலையின் முன்னால் நின்று கைகூப்பிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். இன்றும் மைத்துனன் வீட்டுக்குப் போனால், தண்ணீர் டம்ளரை நீட்டிவிட்டு என் தலையில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்க்காமல் விடமாட்டான். போன பொங்கலுக்கு எல்லாரும் சிரித்து ஓய்ந்ததும், அப்படி எதைப் பார்த்து என்னைப் பிடித்தது என்று அவன் ரேவதியைக் கேட்டான்.

"அன்னைக்குப் பேசினது பூரா தப்பு. நாயக்கர் காலம்னு காட்டினதுல பாதி வெள்ளைக்காரன் காலம். பேசாம கும்பிட்டு நின்னாரே, அந்த அரை நிமிஷம்தான் நிஜம்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் எந்த மியூசியத்திலும் வாயைத் திறப்பதில்லை.