சுமித்ரா ஸ்டோர்ஸ்

"சுமித்ரா ஸ்டோர்ஸ்" என்று பதிய முடியாதென்று, கடைப் பெயர்களைப் பதியும் அரசாங்கக் கந்தோரில் நுஹ்மான் சேர் சொன்னபோது, இந்திரகுமார் பெயர்ப்பலகையைக் கடைவாசலில் மாட்டிவிட்டிருந்தான்.

"அந்தப் பேர் ஏற்கனவே பதிஞ்சிரிக்கி. முன்னால ஒரு சொல்லச் சேத்துக் கொண்டாங்க, பாப்பம்."

தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரி வேலையை விட்டுவிட்டு நிவித்திகல டவுனில் அவன் போடும் சில்லறைக் கடை அது. 2003 சித்திரை வருஷப் பிறப்புக்குத் திறக்க வேண்டும். பதிவில்லாமல் பிஸ்கட் கம்பனிக்காரன் சாமான் இறக்கமாட்டான். மனைவி பெயரை வைத்தால் வீட்டில் சண்டை வராது என்பது அவன் கணக்கு.

பலகையின் மூலையில் 'நியூ' ஏறியது. சாயங்காலம் சுமித்ரா இடுப்பில் கைவைத்து அதைப் பார்த்தாள்.

"அந்தப் புதுசு யாருங்க?"

"எந்தப் புதுசு?"

"நியூ சுமித்ரான்னா, அப்ப நான் பழசா?"

மறுநாளே 'நியூ'வை அழித்து 'ஒரிஜினல்' எழுதினான்.

"ஓ! டூப்ளிகேட்ட எங்க குடி வச்சிருக்கீங்க?"

அதையும் அழித்தான். யோசித்து யோசித்து, பின்னால் 'அன் சன்ஸ்' சேர்த்தான். அவனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். சின்னவள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டாள்:

"அப்பா, நமக்கு அண்ணன் இருக்கானா? எங்க இருக்கான்?"

அன்றைக்கு அவனுக்குச் சோறு கிடைக்கவில்லை.

"ஒலகத்துல வேற பேரே இல்லையா? எம் பேர விட்டுருங்களேன்!" என்றாள் சுமித்ரா.

"விடமாட்டேன். உம்மேல எனக்கு எவ்வளவு பாசம்னு ஊருக்கே தெரியணும்."

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பேசாமல் அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்த மௌனம் அவனை உருக்கிவிட்டது. காலையில் முதல் ஆளாகக் கந்தோரில் நின்றான்.

"சேர், அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் யாருன்னு மட்டும் சொல்லுங்க. கால்ல விழுந்தாவது கேட்டு வாங்கிக்கிறேன்."

நுஹ்மான் சேர் பதிவேட்டைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"நீங்க தோட்டத்துல எந்த லயத்து ஊட்டுல இரிக்கிற?"

"கீழ்ப்பிரிவு, ஆறாம் நம்பர் லயம் சேர்."

"அப்ப நீங்க விழவேண்டிய கால் உங்கட ஊட்டுலதான் இரிக்கி. தையல் கட போடப் போறன்டு உங்கட பொஞ்சாதிதான் வந்து பதிஞ்சிட்டுப் போனாங்க."