கமெண்ட் ராவுத்தர் கீழே நிற்கிறார்

ஒரு லைக் போடுவதற்காகப் பெட்ரோல் செலவழித்த மனிதர் தேனி மாவட்டத்தில், ஏன், இந்தியாவிலேயே ஒருவர்தான் இருப்பார். அவர் கம்பத்துக் கமெண்ட் ராவுத்தர். இயற்பெயர் வேறு. அது அவருடைய ரேஷன் கார்டுக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

நாற்பது வருஷம் பள்ளத்தாக்கு முழுக்கத் தென்னந்தோப்புகளைக் குத்தகைக்கு எடுத்துத் தேங்காய் வியாபாரம் பார்த்தவர். வியாபாரத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு ஓய்ந்து உட்கார்ந்தபோது, மகன் தன் பழைய செல்போனை அவர் கையில் கொடுத்தார். ராவுத்தர் வீடியோக்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கக் கற்றுக்கொண்டார். ஆனால் எதையும் அழுத்த மாட்டார். ஒரு முறை எதையோ அழுத்தப் போக, அது சம்பந்தி வீட்டுக்கு வீடியோ காலாகப் போய்விட்டது. இவர் அப்போது உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றோடு அழுத்துகிற வேலையே கிடையாது.

அதற்காகப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவும் அவரால் ஆகாது. "ஒருத்தர் வீட்டு அடுப்படி வரைக்கும் போய்ப் பாத்துட்டு, ஒரு வார்த்தை சொல்லாம வந்தா நல்லாவா இருக்கு?" என்பார். எனவே மொபெட்டை எடுத்துக்கொண்டு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வருவார். 'ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்' என்று வீட்டில் சொல்லிக் கிளம்பினால், அந்த எட்டு சில நாள் நாற்பது கிலோமீட்டர் இருக்கும்.

நான் உத்தமபாளையத்தில் சமையல் வீடியோ போடுகிறவள். மாடி வீடு. என் கேமரா என்பது என் கணவருடைய செல்போனும் அது சாய்ந்து நிற்க ஒரு பருப்பு டப்பாவும். எல்லோரையும் போல நானும் வீடியோ முடிவில் "பிடிச்சிருந்தா கீழ கமெண்ட்ல சொல்லுங்க" என்பேன். கொள்ளு ரசம் போட்ட மறுநாள் காலை தெருவில் ஒரு மொபெட் வந்து நின்றது. வெள்ளைக் கைலியும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு பெரியவர் கழுத்தை நிமிர்த்தி என் பால்கனியைப் பார்த்தார்.

"ஏத்தா, கொள்ளு ரசம் வச்ச புள்ள நீதான?"

"ஆமாங்க. மேல வாங்க."

"மேல எதுக்கு? நீதான கீழ சொல்லச் சொன்ன? ரசம் நல்லா இருந்துச்சு. உப்பு மட்டும் கொஞ்சம் கூட."

கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கண்ணால் பார்த்தே உப்பு சொல்கிற ஆளை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். மிச்சமிருந்த ரசத்தை வாயில் விட்டுப் பார்த்த என் கணவர், "கூடத்தான்" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு நான் எப்போது வீடியோ போட்டாலும் மறுநாள் கீழே மொபெட் சத்தம் கேட்கும். என்னைவிட என் தெரு அவருக்காகக் காத்திருந்தது. எதிர்வீட்டு அக்கா வாசல் தெளிக்கிற சாக்கில் வந்து நின்று, "இன்னைக்கு உப்பு எப்படி மாமா?" என்று அவரையே கேட்பாள்.

அந்தச் சமயம் பள்ளத்தாக்கில் வீட்டுக்கு ஒரு சேனல் முளைத்திருந்தது. ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தலுக்கு அடியில் ஜோடிகள் ரீல்ஸ் எடுத்து முடிக்கும்வரை, பறிக்க வந்த பெண்கள் கூடையோடு ஓரமாக நின்றார்கள். எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில், அட்சதை விழுந்த விதம் சரியில்லை என்று கேமராக்காரர் சொன்னதால் இரண்டாம் முறை போட்டோம். கீழே கிடந்ததைப் பொறுக்கித்தான் போட்டோம். பரோட்டாக் கடையில் தட்டைப் படம் எடுத்து முடிக்கும்வரை சால்னா வாளியோடு சர்வர் பொறுமையாக நின்றார். இதையெல்லாம் யாரும் விசித்திரமாக நினைக்கவில்லை. ஊர் விசித்திரமாகப் பார்த்தது ராவுத்தர் ஒருவரைத்தான்.

அவர் யாருக்கும் பாகுபாடு காட்டியதில்லை. பண்ணைப்புரத்தில் பார்சல் பிரித்துக் காட்டுகிறவரிடம் போய், "பெட்டியக் கத்தியால கிழிக்காதீக, நாளைக்கு ஒரு சாமான் போட்டு வைக்க ஆகும்ல" என்று சொல்லிவிட்டு வந்தார். வருசநாட்டில் மலைத்தேன் எடுத்து, மலையிறங்கி வந்து வீடியோ போட்டவர் ஊரில் டவர் கிடைக்காது. அவர் தன் வீடியோவுக்கு வந்த முதல் கமெண்ட்டை ராவுத்தர் வாயால்தான் கேட்டார்.

சின்னமனூரில் ஒரு கணவன் மனைவி. அவன் ரப்பர் பல்லியை அவள்மேல் போடுவான், அவள் அலறி அழுவாள், ஜனம் சிரிக்கும். ராவுத்தர் பெண் வீட்டுக்காரர் தோரணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"எதுக்குப்பா அந்தப் புள்ளைய அழ வைக்கிற?"

"அய்யோ மாமா, அது நடிப்பு. பல்லிய வாங்கியாந்ததே அவதான்."

"அப்பச் சரி. அடுத்த தடவ அவ உன்மேல போடட்டும்."

போட்டாள். அவர்கள் சேனலில் இன்றுவரை அதிகம் ஓடிய வீடியோ அதுதான்.

எல்லாம் இப்படிச் சிரிப்பாகவே போய்க்கொண்டிருந்தபோது எனக்கு ஒரு கமெண்ட் வந்தது. போட்டவர் பெயர் 'கர்ஜனை'. முகம் இல்லை, ஒரு சிங்கத்தின் படம் மட்டும். 'குரலா இது, தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி. இதுல வந்தாக போனாகன்னு பட்டிக்காட்டுப் பேச்சு வேற. வாயை மூடிட்டு சமைக்கவும்.' முதல் தடவை சிரித்தேன். ஒவ்வொரு வீடியோவுக்கும் கீழே அதே வரி வந்து உட்கார்ந்தபோது சிரிப்பு வரவில்லை.

செய்தி வாசிக்கிறவர்கள் மாதிரி பேசிப் பார்த்தேன். 'வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கிக்கொள்ள வேண்டும்' என்று நான் சொன்னதைக் கேட்டு, "யாரும்மா இந்த ஆன்ட்டி?" என்றாள் என் மகள். பிறகு பேச்சையே எடுத்துவிட்டு வீணை இசையைப் போட்டேன். கடைசியில் காய்கறிக் கடையில் விலை கேட்கக்கூட வாயைத் திறக்கக் கூச்சமாகிவிட்டது. கத்தரிக்காயை விரலால் காட்டி வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன். சேனலை மூடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் கீழே மொபெட் நின்றது.

"ஏத்தா, தொண்ட கட்டிருக்கா? ரெண்டு வீடியோவா வீணைதான பேசுது?"

முதல் தடவையாக நான் கீழே இறங்கிப் போனேன். செல்போனைக் காட்டினேன். அவர் எழுத்துக் கூட்டி முழுவதையும் படித்தார்.

"இத எழுதுனவுக எந்த ஊரு?"

"யாருன்னே தெரியாது மாமா. சிங்கப் படம்தான் இருக்கு. நான் சேனலையே மூடப்போறேன்."

"மூடுறத அப்புறம் பாப்போம். அந்தச் சிங்கத்தத் தள்ளிக் காட்டு."

அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பழைய படம் இருந்தது. யாரோ ஒருவருடைய முதுகு, ஒரு பம்ப்செட் ரூம், அதன் ஓரத்தில் இடுப்பு ஒடிந்த மாதிரி வளைந்து நிமிர்ந்த ஒரு தென்னை. ராவுத்தர் முதுகைப் பார்க்கவில்லை. தென்னையைத்தான் பார்த்தார்.

"இந்த மரத்துல ஆறு வருசம் காய் எறக்கிருக்கேன். சுருளிப்பட்டிப் பக்கம்."

"சண்ட கிண்ட போட்டுறாதீக மாமா."

"சண்ட எதுக்கு? ஒரு எட்டு போயிட்டு வந்துர்றேன்."

மூன்றாம் நாள் மொபெட்டில் இரண்டு பேர் வந்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, பையில் இரண்டு பேனா. ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவராம். அந்தத் தென்னை நின்ற தோப்பு அவருடைய மாமனாருடையது. நான் பால்கனிக்கு வந்தேன். எதிர்வீட்டு அக்கா வாளியோடு வந்தாள்.

"ஏத்தா, இவுகதான் கர்ஜனை. கமெண்ட் சொல்ல வந்துருக்காக" என்ற ராவுத்தர் அவர் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க. இங்கன நின்னுதான் சொல்லணும். நான் அப்படித்தான் சொல்லுவேன்."

அவர் என்னை அண்ணாந்து பார்த்தார். தெருவைப் பார்த்தார். "ரசம் நல்லா இருந்துச்சுக்கா" என்றார்.

"அது நான் சொன்னது. நீங்க குரலப் பத்தில்ல எழுதுனீக?"

"குரலும் நல்லாத்தான் இருக்கு."

"எழுதுனது வேற மாதிரில்ல இருந்துச்சு? தகரம்னு ஏதோ வந்துச்சே."

அவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "நேர்ல வரமாட்டேங்குது மாமா" என்றார்.

எனக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது சிரிப்பு. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் தகரக் குரலில் தெருவே கேட்கச் சிரித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் குரலை நானே கேட்டேன். அது எனக்குப் பிடித்திருந்தது.

இருவருக்கும் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். கடையில் ஆள் வராத நேரத்தில் பொழுது போகாமல் எழுதியதாக அவர் சொன்னார். எழுதியதையெல்லாம் என் முன்னாலேயே அழித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது தயங்கித் தயங்கி, "அக்கா, அந்த வீணை மட்டும் வேண்டாங்கா. எந்த நேரம் ரசத்த எறக்கணும்னு தெரியாம என் வீட்டுக்காரி ரெண்டு நாளா பொங்க விட்டுட்டா" என்றார்.

அடுத்த வீடியோவில் 'எங்க அம்மா சொன்னாக' என்றே ஆரம்பித்தேன்.

போன மாதம் ராவுத்தருக்கு இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்து ஆபரேஷன். மகன் அவரை மாடி அறையில் உட்கார வைத்து, மொபெட் சாவியையும் செல்போனையும் எடுத்து வைத்துவிட்டார். நான் மொச்சைக் குழம்பு வீடியோ போட்டேன். லைக்குக்குக் குறைவில்லை. மறுநாள் காலை முழுக்கப் பால்கனியிலேயே நின்றேன். எதிர்வீட்டு அக்காவும் காலி வாளியோடு நின்றாள்.

அதற்கு அடுத்த நாள் கம்பத்துக்குப் பஸ் ஏறினேன். அவர் வீட்டுக்குக் கீழே தெருவில் நின்று கூப்பிட்டேன். கறுப்புக் கண்ணாடியும் அவருமாகக் கம்பியைத் தடவிக்கொண்டு வெளியே வந்தார்.

"யாரு, ரசம் வச்ச புள்ளையா? மேல வாத்தா."

"இல்ல மாமா, கீழதான் சொல்லணும்."

மொச்சையை ஊற வைப்பதில் தொடங்கிக் குழம்பை இறக்குவதுவரை முழு வீடியோவையும் தெருவில் நின்றே சொல்லி முடித்தேன். அவர் தலையாட்டிக் கேட்டார்.

"உப்பு?"

"சரியாத்தான் போட்டேன் மாமா."

கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். கண் இன்னும் சரியாகத் தெரியாததால் எனக்கு இடது பக்கம் இருந்த மின்கம்பத்துக்குக் காட்டினார்.

நான் போய் அந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன்.