உப்பு கொடுத்தவங்க போலாம்

பழவேற்காடு பஸ் நிறுத்தத்தில் இறங்கி, "போலந்துக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் சிரிக்க மாட்டார்கள். படகுத் துறைப் பக்கம் கை காட்டுவார்கள். ஏரிக்குள் முப்பது வீடுகளோடு கிடக்கும் எங்கள் திட்டுக்குத் தனிப் பஞ்சாயத்து கிடையாது. ரேஷன் அட்டையில்கூடப் பக்கத்து ஊர்ப் பெயர்தான். அப்படிப்பட்ட இடத்துக்கு ஒரு வெளிநாட்டின் பெயர் ஒட்டிக்கொண்டதற்கு இரண்டு பேர் காரணம். ஒருத்தி, போலந்துக்கு வேலைக்குப் போய் அங்கேயே மாப்பிள்ளை தேடிக்கொண்ட என் தங்கை செல்வி. இன்னொருவன், படகு ஓட்டத் தெரியும் என்று சொன்ன நான்.

முழுப் பொய் இல்லை. பதினைந்து வயதுவரை ஓட்டியிருக்கிறேன். அப்புறம் படிப்பு, மீஞ்சூரில் கம்பெனி வேலை, வாடகை வீடு என்று கரையேறிவிட்டேன். (மீனவன் வீட்டுப் பிள்ளைக்குப் படகு ரத்தத்திலேயே இருக்கும் என்று கம்பெனி கேன்டீனில் அடிக்கடி அளந்து விடுவேன். மற்றவர்கள் நம்பினார்களோ இல்லையோ, நான் நம்பிவிட்டேன்.)

கல்யாணம் எங்கள் திட்டில். மாப்பிள்ளை தோமெக் ஒரு வாரம் முன்பே வந்துவிட்டார். அவருடைய அப்பா அம்மாவுக்குத்தான் விமானம் தாமதமாகி, முகூர்த்தத்தன்று காலையில் துறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

"தெனமும் படகு ஓட்டுற கோவிந்து போய் இட்டாரட்டும். நீ கம்முனு பந்தலப் பாரு" என்றார் நைனா, என் அப்பா.

"இன்னா நைனா, பொண்ணோட அண்ணன் போவாம வேற யார் போறது?"

அதுவும் நியாயம்தான். எங்கள் வழக்கப்படி பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வரவேண்டும். பத்தரைக்குள் முகூர்த்தம். எட்டரைக்குக் கிளம்பினால் போய்த் திரும்ப ஏகப்பட்ட நேரம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

சம்பந்தி ஆறடிக்கு மேல், கோட்டு சூட்டில் வந்திருந்தார். அவர்கள் ஊரும் ஓர் ஏரிக்கரையில் நாலு வீடு உள்ள இடம்தான், அவரும் மீன் பிடிப்பவர் என்று செல்வி சொல்லியிருந்தாள். பாதி ஏரி தாண்டியதும் மனிதர் தண்ணீரின் நிறத்தைக் காட்டி ஏதோ சொன்னார். உள்ளங்கையைக் கீழே அழுத்தி, ஆழமில்லை என்பதுபோல் தலையை ஆட்டினார். எங்கள் ஏரியைப் பற்றி எனக்கே பாடமா? அன்பாகச் சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினேன்.

படகு தரை தட்டியது. பதறிப்போய்ப் பின்னால் எடுத்தேன். மோட்டார் விசிறியில் ஒரு வலை முழுசாகச் சுருட்டிக்கொண்டது.

அது எதிர்க்கரைக் குப்பத்தாரின் வலை. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் எந்த ஊர் வலை போடலாம் என்று முறை உண்டு. அதற்குப் பாடு என்று பேர். அன்றைக்கு அங்கே அவர்கள் பாடு. இந்தப் பாட்டுச் சண்டையில்தான் எங்களுக்கும் அவர்களுக்கும் மூன்று வருடமாகப் பேச்சு வார்த்தையே கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் ஏழெட்டுப் பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள். முன்னால் அவர்கள் தலைவர் துரைக்கண்ணு.

"எங்க பாட்டுல பூந்து எங்க வலையவே கிழிக்கிறியா? உங்க ஊர் பெரியவங்க வந்து பேசட்டும். அதுவரைக்கும் படகும் நீங்களும் எங்க கரையில இருங்க."

நைனாவுக்கு ஒன்பது முறை போன் செய்தேன். மேளச் சத்தத்தில் யார் எடுப்பார்கள்?

எதிர்க்கரையில் ஊரே கூடிவிட்டது. நான் சம்பந்தியின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஆனால் சம்பந்தியம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை ஜனம், முன்னால் மீசை வைத்த பெரிய மனிதர். இதுதான் பெண் வீடு என்று நினைத்துவிட்டார். பையைத் திறந்து, பூவேலை செய்த துணியில் ஒரு பெரிய உருண்டை ரொட்டியும் சின்னக் கிண்ணத்தில் உப்பும் வைத்து, கண் கலங்க துரைக்கண்ணுவிடம் நீட்டினார்.

"இன்னாடா குடுக்குறாங்க?"

எனக்குத் தெரியும். புது மணமக்களை ரொட்டியும் உப்பும் கொடுத்து வரவேற்பது அவர்கள் வழக்கம். செல்விக்காக அங்கிருந்தே தூக்கி வந்தது. அதைச் சொல்லியிருக்க வேண்டும். நானோ, "உங்களுக்குத்தாண்ணே" என்றேன்.

துரைக்கண்ணு ஒரு துண்டு பிய்த்து, உப்பில் தொட்டு, வாயில் போட்டு மென்றார். பாதி மெல்லும்போதே முகம் மாறியது.

"அடப்பாவி, உப்பத் தின்னுட்டேனே! இனிமே இவங்கள எப்டி நிறுத்தி வெக்கிறது?"

"கல்யாண ஜனம்யா, முகூர்த்தம் போயிடப் போவுது" என்று பெண்கள் சத்தம் போட்டார்கள். உடனே அவருடைய சொந்தப் படகு வந்தது. சம்பந்திகளைக் கைகொடுத்து ஏற்றினார். பின்னாலேயே நானும் காலை வைத்தேன்.

"நீ எங்க ஏர்ற? உப்பு குடுத்தவங்க போலாம். வலை கிழிச்சவன் உக்காரு."

உட்கார்ந்தேன். பட்டு வேட்டியில் சேறோடு, கிழிந்த வலையை மடியில் வைத்துக்கொண்டு. முடிச்சுப் போடத் தெரியாமல் நான் திணறியதைப் பார்த்து அந்த ஊர்ப் பெண்கள் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர்மேல் கெட்டிமேளம் கேட்டது. பொய் சொல்வானேன், அழுதுவிட்டேன். எனக்கு இருப்பது ஒரே தங்கை.

மாலையில் விடுவித்தபோதுதான் நடந்தது தெரிந்தது. செல்வி பத்து இருபதுவரை, "அண்ணன் வராம நான் மணவறை ஏற மாட்டேன்" என்று நின்றிருக்கிறாள். கடைசியில் மாப்பிள்ளையைப் பெற்றவர்களோடு வந்து நின்ற துரைக்கண்ணுவைப் பார்த்து, "அப்ப நீங்க வாங்கண்ணா" என்று கூப்பிட்டுவிட்டாள். மூன்று வருடப் பகை அந்த ஒரு வார்த்தையில் போயிற்று. கல்யாண ஆல்பத்தில் அண்ணன் நிற்கவேண்டிய எல்லாப் படத்திலும் அவர்தான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அன்றிலிருந்து எதிர்க்கரைக்காரர்களுக்கு எங்கள் திட்டு போலந்து. ஊர் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது.

போன மாதம் செல்வியின் மகளுக்கு எங்கள் திட்டில் காது குத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்தவேண்டும். புது வேட்டி கட்டிச் சம்மணம் போட்டுக் காத்திருந்தேன். நாலு வயதுக் குழந்தை, ஆல்பம் பார்த்து வளர்ந்தது, என்னைத் தாண்டிப் போய் நேராகத் துரைக்கண்ணு மடியில் உட்கார்ந்துகொண்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு காது எனக்கு, ஒரு காது உனக்குடா. வெச்சுக்க."

வலது காது அவர் மடியில் அழாமல் முடிந்தது. இடது காதுக்குக் குழந்தையை என்னிடம் தூக்கி வந்தார்கள். நான் இரண்டு கையையும் நீட்டினேன். பின்னாலிருந்து நைனாவின் குரல் பந்தல் முழுக்கக் கேட்டது:

"பாத்து உக்காரு கண்ணு. அந்த மடி தரை தட்டும்."