ஐந்து நிமிடப் பூனையும் ஆறு நிமிடப் பூனையும்

செம்பாக்கம்,
17-4-1994

நியூ ஜெர்சி பச்சையம்மா அத்தை அவர்களின் சமூகத்துக்கு, உங்கள் அண்ணன் துளசிங்கத்தின் மகன் தட்சிணாமூர்த்தி (பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதியாகிவிட்டது, ரிசல்ட்டைப் பற்றி இப்போது பேச வேண்டாம்) வணக்கத்துடன் எழுதுவது. அப்பா, அம்மா, தங்கை பட்டு, எருமை இரண்டு, எல்லாரும் சௌக்கியம். அங்கே மாமாவும், ஏகநாதனாகப் புறப்பட்டுப் போய் நேத்தனாகிவிட்ட உங்கள் செல்வப் புதல்வனும் சௌக்கியமாகத்தான் இருப்பார்கள். அவனுக்கென்ன குறைச்சல்?

நிற்க. இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், சென்ற ஞாயிறு மாலை நாலு மணி பத்து நிமிடத்துக்கு, தாம்பரத்தை அடுத்த செம்பாக்கத்தில், ஓடும் ரயிலின் கூரைமேல் ஏறிய ஒரு பூனை, எஞ்சினிலிருந்து பன்னிரண்டு பெட்டி தாவி, ஒரு தடவைகூடக் கீழே விழாமல் கடைசியிலுள்ள கார்டு பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தது. பதற வேண்டாம், வீடியோ கேம் பூனை. ஓட்டியவன் அடியேன். பிடித்த நேரம் ஆறு நிமிடம். இதைக் கேட்டதும் நேத்தன் சிரிப்பான். சிரிக்கட்டும். முழுக்கக் கேட்ட பிறகும் சிரிக்கிறானா பார்ப்போம்.

பிப்ரவரியில் நீங்கள் எழுதிய கடிதத்தில், இதே பூனையை நேத்தன் அங்கே ஐந்தே நிமிடத்தில் கார்டு பெட்டியில் சேர்த்துவிடுகிறான் என்று ஒரு வரி எழுதினீர்களே, அந்த ஒரு வரி இந்த வீட்டில் என்னைப் படுத்திய பாடு உங்களுக்குத் தெரியாது. அப்பா அதைக் கூடத்தில் நின்று உரக்கப் படித்தார். "அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டானாம்டா! இங்க ஒருத்தன் பல்லு வெளக்கவே அரை மணி நேரம் எடுத்துக்குறான்" என்றார். அம்மா தன் பங்குக்கு, நேத்தன் சைக்கிளோடு நிற்கும் போட்டோவை ஷோகேஸில் என் போட்டோவுக்கு முன்னால் வைத்தார். அதிலிருந்து ஷோகேஸில் என்னுடைய ஒரு காது மட்டும்தான் தெரிகிறது. எனக்குப் பொறாமை என்று நினைக்காதீர்கள் அத்தை. சரி, பொறாமைதான். அவன் சைக்கிளுக்கு கியர் இருக்கிறது, எனக்கு ஸ்டாண்டே இல்லை, அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன், ஆனால் பூனையிலுமா முந்த வேண்டும்? பிளஸ் டூ பையன்களே என்னிடம் பாடம் கேட்டுப் போகும் விஷயமாச்சே இது!

இரண்டு மாதம் ஆடினேன். எங்கே தாவ வேண்டும், எங்கே குனிய வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். துளித் தப்பு இல்லாமல் ஆடினாலும் ஆறு நிமிடத்துக்கு ஒரு நொடி குறையவில்லை. அப்போதுதான் அப்பா காரணத்தைக் கண்டுபிடித்தார்: "லோ வோல்டேஜ்டா! சாயங்காலம் ஃபேனே நடந்துதான் போவுது, பூனை எப்பிடி ஓடும்?" நியாயமாகத்தான் பட்டது. அன்று முதல் நாலிலிருந்து ஐந்து மணிவரை எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் நிறுத்தம், மிக்சி நிறுத்தம், கிணற்று மோட்டார் நிறுத்தம். பக்கத்து வீட்டு முனியம்மா அக்காவிடம் போய், அந்த ஒரு மணி நேரம் கிரைண்டர் போட வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டேன். "இன்னாடா, உன் பூனைக்கோசரம் எங்க வூட்டுல இட்லி கெடையாதா?" என்று கத்திவிட்டு, பாவம், நிறுத்தினார்கள். அப்படியும் ஆறு நிமிடம். பிறகு அவர்கள் வீட்டு ஸ்டெபிலைசரையே கழற்றி வந்து டிவிக்கும் ஃபேனுக்கும் சேர்த்து மாட்டினோம். ஃபேன் பறந்த பறப்பில் காலண்டர் கிழிந்தது, அப்பாவின் வேட்டி தூக்கியது, பூனை மட்டும் அதே ஆறு நிமிடம். அம்மா சொன்னார்: "எல்லாம் பறக்குது, அந்தப் பூனையைத் தவிர. சோறு கீறு போட்டுப் பாரேன்."

கடைசியில் தாம்பரம் டிவி மெக்கானிக் சின்னதம்பி அண்ணனைக் கூட்டிவந்தோம். போன வருஷம் நீங்கள் பேசிப் பதிந்து அனுப்பிய கேசட்டில், பின்னால் நேத்தன் ஆடும் ஆட்டத்தின் பாட்டும் பதிவாகியிருந்ததே, அதை ஓடவிட்டு, எங்கள் டிவியில் அதே பாட்டையும் போட்டுக் காட்டினேன். உங்கள் வீட்டில் அது முகூர்த்த நேரத்து நாதஸ்வரம். எங்கள் வீட்டில் அதே பாட்டு, பந்திக்கு இன்னும் கூப்பிடவில்லையே என்று ஏக்கத்தோடு வாசிப்பது போல இழுக்கிறது. அண்ணன் இரண்டையும் கேட்டுவிட்டு, படத்துக்கு மேலேயும் கீழேயும் தெரிந்த கறுப்புப் பட்டையையும் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கரண்டு மேல ஏம்பா பழி போடுற? நம்ம ஊரு டிவி நொடிக்கு அம்பது படம் போடும். அமெரிக்கா டிவி அறுபது போடும். இந்தப் பூனை படத்துக்கு ஒரு அடிதான் வெக்கும். அங்க நொடிக்கு அறுபது அடி வெக்குது, இங்க அம்பது. ரேகை தேய ஆடினாலும் அவ்ளோதான்."

"அப்ப அவனோட அஞ்சு நிமிஷம்?"

"உன்னோட ஆறு நிமிஷம். ரெண்டுமே பதினெட்டாயிரம் படம். கணக்கு போட்டுக்க."

போட்டேன் அத்தை. கணக்கில் எனக்கு விடை சரியாக வந்த முதல் தருணம் அது. அதோடு வயிறும் எரிந்தது. நொடிக்குப் பத்துப் படம் அவனுக்கு அதிகம்! கல்யாணப் பந்தியில்கூட மாப்பிள்ளை வீட்டுக்கு இவ்வளவு பாரபட்சமாகப் பரிமாற மாட்டார்கள். கட்டைவண்டியை ஓட்டியே நான் எக்ஸ்பிரஸுக்குச் சமமாக வந்திருக்கிறேன் என்றால், எக்ஸ்பிரஸை என் கையில் கொடுத்தால் என்ன ஆகும்? ஆகவே, ஜூனில் நீங்கள் வரும்போது நேத்தன் தன் மெஷினையும், அங்கத்திய டிவி சின்னதாக ஒன்றையும் அவசியம் எடுத்து வர வேண்டும். நான் நாலரை நிமிடத்தில் முடித்துக் காட்டுவதாகத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. முப்பது பேர் வருகிறார்கள். முனியம்மா அக்கா அன்றைக்கு கிரைண்டரே போடப்போவதில்லை. நான் தோற்றால் இந்தத் தெருவில் இனி யாரும் என்னை மனிதனாக மதிக்க மாட்டார்கள், ஆனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மாமாவுக்கு நமஸ்காரம். நேத்தனுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். உங்கள் காலைத் தொட்டுக் கும்பிட்டு, ஆசி வேண்டும்,

தட்சிணாமூர்த்தி

பி.கு.: அத்தை, நேத்தனுக்குத் தமிழ் படிக்க வராது, நீங்கள்தான் உரக்கப் படித்துக் காட்டுவீர்கள் என்பது தெரியும். மேலே உள்ளதைப் படித்தாச்சா? இனிமேல் மனசுக்குள் படியுங்கள். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டால், மழை இல்லையாம் என்று சொல்லிவிடுங்கள். இதை எழுதி முடித்து, ஒட்டுவதற்கு முன் நேற்று சின்னதம்பி அண்ணன் கடைக்குப் போனேன். சேலையூரில் யாரோ அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்தவர், தன் அமெரிக்க டிவியையும் இதே கேம் மெஷினையும் நம் ஊர்க் கரண்டுக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர் போடச் சொல்லிக் கொடுத்திருந்தார். "ஆடிப் பாரு"ன்னார் அண்ணன். ஆடினேன். பதினொரு தடவை ஆடினேன். மூன்றாவது பெட்டியைத் தாண்டவில்லை. நான் பட்டனை அமுக்கலாமா என்று யோசிக்கும்போதே பூனை செத்துவிடுகிறது. "இன்னாபா, பூனை கூரைக்கு ஏறுற மாதிரியே தெரியலியே, நேரா தண்டவாளத்துக்குத்தான் வருது"ன்னு அண்ணன் சிரிச்சார். கூட வந்த பட்டு வேற, "அண்ணா, இதுல வோல்டேஜ் ஜாஸ்தியா?"ன்னு கேக்குறா. இத்தனை நாளா நம்ம டிவி என்னைக் கெடுக்குதுன்னு நெனச்சேன் அத்தை, அது என்னைக் காப்பாத்திக்கிட்டு இருந்திருக்கு. அதனால், லக்கேஜ் வெயிட் ஜாஸ்தி என்று ஏதாவது சொல்லி அந்த மெஷினை அங்கேயே வைத்துவிட்டு வர முடியுமா? முடியாது என்றால், எல்லாரும் ஒரு மூன்று நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். தெருப் பசங்களுக்குத் தெரியாமல், எப்படித் தாவணும்னு அவன் எனக்குக் கொஞ்சம் சொல்லித் தருவானா? நீங்களாகவே கேட்பது போலக் கேட்டுப் பாருங்களேன்.