நாற்காலி யோகாவில் ஒரு திருத்தல்காரர்

திருத்தல்காரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? மறதி நோய் வந்த மனிதர் "இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்று ஆசையாகச் சொன்னால், "புதன்" என்று அடுத்த மூச்சிலேயே அடித்துச் சொல்வாரே, அவர்தான். வந்தவர் போனவர் முன்னால் "நான் யாரு, சொல்லுங்க பாக்கலாம்" என்று வாய்மொழித் தேர்வு நடத்தி, பதில் வராவிட்டால் ஊருக்கே கேட்கும்படி பெருமூச்சு விடுவாரே, அவரேதான்.

நம் நாயகர் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். முப்பது வருடமாகக் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர்; விடுமுறை நாளில் மட்டும் அந்தத் திறமையைச் சும்மா வைத்திருக்க முடியுமா? மறதி நோய் வந்த அப்பாவை நாற்காலி யோகா வகுப்புக்கு அழைத்துப் போகிற தங்கைக்கு அன்று காய்ச்சல்; அந்த வேலை இவர் தலையில் விழுந்தது.

"அண்ணா, அங்க போய் ஒண்ணும் சொல்லாம உக்காந்துட்டு வா. இந்த ஒரு மணி நேரம்தான் அப்பா பயமில்லாம இருக்கார். இதுவும் போச்சுன்னா, அவர் வெளிய வர்றதே நின்னுடும்."

"நான் ஏன் சொல்லப் போறேன்?" என்றார் அண்ணன். மனதார நம்பித்தான் சொன்னார்.

வகுப்பில் எட்டு நாற்காலிகள் அரைவட்டமாக இருந்தன. யோகா டீச்சர் வலது, இடது என்று வாயே திறப்பதில்லை. எதிரே உட்கார்ந்து, கண்ணாடியில் தெரிகிற மாதிரி தன் இடது கையைத் தூக்குவார். பார்க்கிறவர்கள் தானாக வலது கையைத் தூக்கிவிடுவார்கள். அப்பாவும் தூக்கினார், நிதானமாக, விரல் நுனிவரை நீட்டி.

பரிசோதகரின் கண்ணில் குறை பட்டுவிட்டது. "அப்பா, அவங்க இடது கை. நீங்க வலது தூக்கறீங்க."

அப்பா மாற்றினார். அதற்குள் டீச்சரும் கை மாற்றிவிட, "இப்ப வலதுப்பா" என்றார் மகன். மூன்றாவது திருத்தத்தில் அப்பாவின் இரண்டு கைகளும் மடியில் விழுந்தன. எழுந்து நின்று, "வீட்டுக்குப் போயிடலாம்" என்றார். மகனுக்குச் சுரீரென்றது. தங்கையிடம் என்ன சொல்வது?

டீச்சர் கோபித்துக்கொள்ளவில்லை. பக்கத்திலிருந்த காலி நாற்காலியைக் காட்டி, "சார், நீங்களும் செய்யுங்களேன்" என்றார்.

செய்தார். இடதா வலதா என்று மூளைக்குள் விசாரணைக் கமிஷன் அமைத்து, அது அறிக்கை தருவதற்குள் டீச்சர் காலுக்குப் போய்விட்டார். கையையும் காலையும் ஒன்றாகத் தூக்கிய பரிசோதகர், நாற்காலியோடு சாயப் பார்த்துத் தப்பித்தார்.

நின்றபடி கவனித்த அப்பா, மெல்ல உட்கார்ந்தார். முகத்தில் அப்படியொரு கனிவு.

"தம்பி, உங்களுக்கு இன்னைக்குத்தான் முதல் நாளா? பரவால்ல, என்னப் பாத்துச் செய்யுங்க."

'நான் உங்க மகன்ப்பா' என்பது மகனின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு திருத்தத்தை விழுங்கினார்.

"ஆமாங்க," என்றார், "முதல் நாள்தான்."

அப்பாவின் கை மேலே போயிற்று. அதைப் பார்த்து மகனின் கையும் போயிற்று.

படிக்கும்போது உங்கள் மச்சான் முகம்தானே ஞாபகம் வந்தது? தாராளமாக அனுப்பிவையுங்கள். அவர் இதை ஏற்கெனவே படித்துவிட்டு, உங்களுக்கு அனுப்பினால் கோபித்துக்கொள்வீர்களோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறார்.