வரிசை எண் பதினேழின் காலிக் கோப்பு

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

இங்கு நலம். அங்கும் நலமே என்ற அனுமானத்தில் நேராகப் புகாருக்கு வருகிறேன். புகார் உங்கள் தங்கையைப் பற்றியது.

எங்கள் பள்ளியில் மாணவர்களின் பாடவேலைகள் அனைத்தும் இவ்வாண்டு முதல் இணையத்திலுள்ள மேகச் சேமிப்பகத்தில் ஏற்றப்படுகின்றன. அதற்கான பதினொரு விதிகளையும் வகுத்தவன் நான். ஏழாம் விதிப்படி, ஒவ்வோர் ஆசிரியரும் தம் கணக்கை வேறொரு கருவியிலும் திறந்து சரிபார்க்க வேண்டும். உங்கள் தங்கையின் கைபேசியில் திறந்து சரிபார்த்தேன். மூட வேண்டும் என்று விதியில் இல்லாததால் மூடவில்லை. விளைவு, ‘ஒரு செடியை வளர்த்து வாரந்தோறும் குறிப்பெழுதுக’ என்ற பயிற்சியின் நாற்பத்திரண்டு கோப்புகளையும், தான் வேலை பார்க்கும் பல் மருத்துவரின் வரவேற்பு மேசையில் அமர்ந்தபடி படித்து, என் பெயரிலேயே கருத்தும் எழுதி வந்திருக்கிறாள். செடிக்குப் பேர் வச்சியா என்று ஒருவனைக் கேட்டிருக்கிறாள். மறுநாள் வகுப்பே செடிகளின் பெயர்களோடு என் மேசையைச் சூழ்ந்தது, ஒன்றும் விளங்காமல் அவற்றை அகர வரிசைப்படுத்திக் கொடுத்தேன். அது போகட்டும். வரிசை எண் பதினேழு, ஒரு மாணவி, நான்கு வாரமாகக் காலிக் கோப்பையே ஏற்றி வந்தாள். கோப்பின் பெயர் மட்டும் விதிப்படி அப்பழுக்கில்லாமல் இருக்கும். ‘பெயரிடல் சரி, உள்ளடக்கம் இல்லை’ என்று நான்கு முறை குறித்தேன், ஐந்தாவதும் காலியானால் அவளுக்குத் தேர்ச்சியில்லை. அதன் கீழே உங்கள் தங்கை, “என்னம்மா, செடி செத்துப்போச்சா? பரவால்ல, அதையே எழுது” என்று எழுதிவிட்டாள். மறுநாள் மூன்று பக்கம் வந்தது: செடி முதல் வாரமே அழுகிப்போனது, ஆசையில் அதிகமாகத் தண்ணீர் ஊற்றியது, ‘வளர்ச்சி’ என்ற கட்டத்தில் எதை எழுதுவதென்று பயந்தது. வகுப்பிலேயே சிறந்த குறிப்பு. ஆனால் கேட்டது நானில்லையே. விசாரித்தால், “நீங்க கேட்டிருந்தா நான் ஏங்க கேக்கப் போறேன்?” என்கிறாள். எனவே மூத்தவர் என்ற முறையில் தாங்கள் அவளைக் கண்டிக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு வணக்கமும், சிறியவர்களுக்கு வயது வரிசைப்படி ஆசியும் சேர்ப்பிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: அவள் கைபேசியிலிருந்து என் கணக்கை நேற்று நானே மூடி, பதினேழின் மூன்று பக்கங்களுக்கும் ‘பெயரிடல் சரி, உள்ளடக்கம் உண்டு’ என்று குறித்தேன். இன்று பதினேழின் கோப்பில் ஒரு வரி: “ஐயா, அன்னிக்குக் கேட்ட ஐயா எங்க போனாங்க? புது விதை போட்டிருக்கேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க.” தலைமையாசிரியையிடம் நடந்ததை ஒப்புக்கொண்டு, ‘தன்னார்வ வாசகர்’ பற்றிப் பன்னிரண்டாம் விதி எழுதிக் கையொப்பமும் வாங்கிவிட்டேன். ஆகவே கண்டிக்க வேண்டாம். அடுத்த வாரம் ‘ஆ’ பிரிவின் கோப்புகளும் வருகின்றன. அவளுக்கு நேரமிருக்குமா என்று மட்டும் கேட்டுச் சொல்லவும். நான் கேட்டால் சிரிப்பாள்.