பர்ச் மேட்டுக்காக ஊரே திரண்ட வரலாறு

மக்களாட்சி ஏதென்ஸ் நகரத்தில் பிறந்தது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிறந்தது அங்கே இருக்கலாம். ஆனால் அது வளர்ந்து, பல் முளைத்து, ஆளைக் கடிக்கிற பருவத்தை அடைந்தது வெர்மான்ட் மாநிலத்தில், நார்த் பெல்ஃபர் என்னும் ஊரின் மர மண்டபத்தில்தான். இதை நான் பெருமையோடு சொல்கிறேன். பெருமைப்படாதவர்கள் எழுந்து போகலாம். போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், குளிர் உள்ளே வருகிறது.

ஆண்டுக்கு ஒரு நாள், மார்ச் மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை, ஊரில் பதிவு செய்த வாக்காளர்கள் அத்தனை பேரும் அந்த மண்டபத்தில் கூடி, ஊர்க் காரியங்களைத் தாங்களே கை தூக்கித் தீர்மானிக்கலாம். சட்டம் அப்படி. நடப்பில் முப்பது பேர் வருவார்கள். அதிலும் இரண்டு பேர் கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் தூங்க வருகிறவர்கள்.

அந்த ஆண்டு கூட்டத்துக்கு வைக்கப்பட்ட விஷயங்களில் ஒன்று பர்ச் மேடு. பாலத்தைத் தாண்டி மேலே ஏறும் மண் சாலை அது. உச்சியில் ஒரே வீடு, ஒரே தொழுவம். ஆர்டித் கோல்பர்ன், அவள் கணவர் மெர்ல், நாற்பது பசுக்கள். ஒரே வீட்டுக்காகக் குளிர்காலம் முழுக்க ஊர்ச் செலவில் பனி ஒதுக்குவது வீண், இனி பாலத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று ஊர்க்குழுத் தலைவர் டெல்பர்ட் நோயிஸ் முன்மொழிந்திருந்தார். பனி ஒதுக்கினால்தான் பால் லாரி மேலே ஏறும். லாரி ஏறாவிட்டால் பாலைக் கொட்ட வேண்டியதுதான். பசுவிடம் போய் 'இன்றைக்கு வேண்டாம், வியாழக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்ல முடியாதே, கண்ணுகளா.

ஆர்டித் பயந்துவிடவில்லை. அந்த முப்பது பேரையும் அவளுக்குத் தெரியும். பாதிப் பேர் அவளைப் போல மாடு வைத்திருக்கிறவர்கள். மீதிப் பேர் அவளிடம் வெண்ணெய் வாங்குகிறவர்கள். பேசாமல் இருந்திருந்தால் போதும். ஆனால் அவள் பேசாமல் இருக்கவில்லை. பாஸ்டன் நகரத்தில் பெரிய நிறுவனங்களுக்கு ஊக்கப் பயிற்சி கொடுத்து ஓய்வுபெற்று, இந்த ஊருக்குக் குடிவந்திருந்த க்வென் ஃபார்னம் என்னும் அம்மையாரிடம் போய், "எனக்குக் கொஞ்சம் ஆதரவு திரட்டித் தரீங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

க்வென் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"முப்பது பேரா? ஒரு ஊரோட தலையெழுத்தை முப்பது பேரா எழுதறது? ஆர்டித், இது உங்க பிரச்சினை இல்ல. இது அதவிடப் பெரிய பிரச்சினை!"

"எனக்கு என் பிரச்சினை அளவுக்கே போதுங்க."

"அப்படிச் சொல்லக் கூடாது. நீங்க ஒரு தொடக்கம்."

இப்படித்தான் 'பதிவு பெற்ற வாக்காளர் எழுச்சிப் பேரவை' உதயமாயிற்று. அதன் 'தொலைநோக்கு' இன்னதென்று முடிவு செய்ய மூன்று கூட்டங்கள். சின்னத்தில் பசு இருக்கலாமா என்று ஒரு கூட்டம். பசு ஒருதலைப்பட்சமானது என்று தள்ளுபடி ஆகி, எந்தப் பக்கமும் சாயாத ஒரு நட்சத்திரம் தேர்வாயிற்று. ஆர்டித்துக்கும் பயிற்சி கிடைத்தது.

"உங்க கதைய ரெண்டே நிமிஷத்துல சொல்லுங்க. உள்ளத்துலேர்ந்து வரணும்."

"பனி தள்ளலேன்னா பால் லாரி வராது."

"அது தகவல். கதை வேணும். லாரி வராதப்ப உங்களுக்குள்ள என்ன நடக்குது?"

"எனக்குள்ள ஒண்ணும் நடக்காதுங்க. மாட்டுக்குள்ளதான் நடக்கும்."

பேரவையினர் வீடு வீடாகப் போனார்கள். கூட்டத்துக்கு ஒருநாளும் வராதவர்கள், வார இறுதியில் பனிச்சறுக்கு விளையாட வந்து அப்படியே தங்கிப்போனவர்கள், ஏரிக்கரையில் புது வீடு கட்டியவர்கள், எல்லார் கதவையும் தட்டினார்கள். ஏரிக்கரையில் ஒருவர் கேட்டாராம்: "சரி, வரேன். எந்தப் பக்கம் கை தூக்கணும்?"

"ஐயையோ, அதை நாங்க சொல்ல மாட்டோம். சொன்னா எங்க நடுநிலை என்ன ஆகறது? நீங்க வரணும், அவ்வளவுதான்."

வீடு திரும்பும் வழியில் ஆர்டித் மெதுவாகக் கேட்டாள். "க்வென், அவங்கள்ல ஒருத்தர்கூட என் ரோட்டப் பாத்ததில்லையே?"

"அதுதான் அழகு! முன்முடிவே இல்லாத மனசு!"

இப்படி ஒரு பக்குவத்தை நீங்கள் எங்கே பார்ப்பீர்கள்!

செவ்வாய்க்கிழமை விடிந்தபோது பர்ச் மேட்டில் இடுப்பளவு பனி. காபிக்கான பாலை, ஆண்டுதோறும் செய்வதுபோல, ஆர்டித் முந்தின நாளே மண்டபத்துக்கு இலவசமாக அனுப்பியிருந்தாள். இனி அவள் போக வேண்டியதுதான் பாக்கி. நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு சன்னலருகே நின்றாள். ஊரின் பனி தள்ளும் லாரியை ஓட்டும் நார்மண்ட் திபோ, பெரிய சாலைகளை முடித்துவிட்டுக் கடைசியாக அவள் மேட்டுக்கு வருவான். இருபது வருஷமாக அப்படித்தான். அன்றைக்கு வரவில்லை. போன் செய்தாள்.

"நார்மண்ட், எங்க இருக்க?"

"மண்டபத்துல." வாயில் ஏதோ மென்றுகொண்டிருந்தான்.

"மண்டபத்துலயா? லாரி?"

"லாரியும் மண்டபத்துலதான். வாசல்ல நிக்குது. க்வென் அம்மா மூணு தடவ வீட்டுக்கு வந்துட்டாங்க, ஆர்டித். ஓட்டுப் போடறதுதான் முதல் கடமையாம், ரோடெல்லாம் அப்புறமாம். சரின்னு வந்துட்டேன்."

"எந்த ரோட்டுக்காகடா ஓட்டு?"

மெல்லும் சத்தம் நின்றது.

"உன் ரோட்டுக்காகத்தான்."

"அப்ப எந்திரிச்சு வா!"

"எப்படி வர்றது? நான் வெளிய போனா வருகைச் சாதனையில ஒண்ணு குறையுமாம். வாசல்லயே நிக்கறாங்க. எனக்கு நட்சத்திரம் வேற குத்திவிட்டிருக்காங்க."

"போன க்வென்கிட்ட குடு."

க்வென் போனை வாங்கினாள். நிலைமையை உடனே புரிந்துகொண்டாள். அவளுக்குப் புரியாதது எதுவும் கிடையாது. போனை, ஏசுநாதர் சிலையைத் தூக்குவதுபோல, இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, கூட்டத்தை நடத்தும் நடுவர் எல்வுட் டகெட்டின் முன்னால் போய் நின்றாள்.

"நடுவர் அவர்களே, ஆர்டித் கோல்பர்ன் பேச விரும்பறாங்க."

"எங்கே அவங்க?"

"இதுல."

எல்வுட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அம்மா, வாக்காளர் பட்டியல்ல ஆர்டித் கோல்பர்ன் இருக்காங்க. போன் இல்ல."

"ஆனா குரல் அவங்களோடது!"

"குரல் பதிவு செஞ்சிருக்கா?"

போனைப் பேச அனுமதிக்கலாமா என்று விவாதம் தொடங்கியது. அனுமதித்தால் நாளைக்கு டெலிவிஷனும் வந்து பேசும் என்றார் ஒருவர். போனை நாற்காலியில் உட்கார வைத்தால் வருகையாகக் கொள்ளலாமா என்று ஏரிக்கரைக்காரர் நல்லெண்ணத்தோடு கேட்டார். கடைசியில், பேசக் கூடாது, ஆனால் கேட்டுக்கொண்டிருக்கலாம் என்று போனுக்குப் பெருந்தன்மையோடு அனுமதி வழங்கப்பட்டது.

ஆர்டித் சமையலறையில் நின்றபடி கேட்டுக்கொண்டிருந்தாள். முதலில், 'உள்ளூர்ப் பால் பண்ணைகளை நெஞ்சார ஆதரிப்போம்' என்ற தீர்மானம். ஒருமனதாக நிறைவேறியது. கைதட்டல் நெடுநேரம் கேட்டது. யாரோ காபியில் இன்னும் கொஞ்சம் பால் கேட்டார்கள். அடுத்து பர்ச் மேடு. டெல்பர்ட் நோயிஸின் குரல் வந்தது.

"நண்பர்களே, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கறேன். சுத்திப் பாருங்க. இந்த ஊர் வரலாற்றுல இவ்வளவு கூட்டம் வந்ததில்ல. ஏரிக்கரை வந்திருக்கு, ஆலைத்தெரு வந்திருக்கு. பர்ச் மேட்டுலேர்ந்து யாராவது வந்திருக்காங்களா? அந்த ரோட்டு மேல அந்த ரோட்டுக்காரங்களுக்கே அக்கறை இல்லாதப்ப, நமக்கு எதுக்கு?"

ஆர்டித் போனை மேசையில் வைத்தாள். இடுப்பு எலும்பு மாற்று அறுவை செய்துகொண்டு கட்டிலில் கிடந்த மெர்ல் தலையைத் தூக்கினார்.

"எங்க போற?"

"டிராக்டர் எடுக்கப் போறேன்."

"நல்ல கோட்டு அது. நனஞ்சிடும்."

"நீங்க பேசாம படுங்க."

மேல்கூரை இல்லாத பழைய டிராக்டர். முன்வாளியால் பனியை முட்டி, பின்வாங்கி, மறுபடி முட்டி, சரிவில் இரண்டு தடவை பள்ளத்துப் பக்கம் வழுக்கி, ஒருமுறை இறங்கி மண்வாரியால் தோண்டி, ஆர்டித் பாலத்துக்கு வந்து சேர்ந்தாள். அவளுக்குப் பின்னால் மேட்டில் ஒரு டிராக்டர் அகலத்துக்குப் பனி மிதிபட்டுக் கிடந்தது, பால் லாரி அதில் முன்சக்கரத்தை வைத்தாலே கவிழும்.

மண்டபக் கதவைத் திறந்தாள். அவர்கள் இன்னும் அதே விஷயத்தில்தான் இருந்தார்கள். யாரோ கொண்டுவந்த திருத்தத்துக்கு இன்னொருவர் திருத்தம் கொண்டுவந்திருந்தார். அவள் புருவம் வெள்ளையாக உறைந்திருந்தது. கை விறைத்து, கையுறையைக் கழற்ற வரவில்லை. கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. க்வென் ஓடிவந்து அவள் உறைந்த கோட்டில் நட்சத்திரத்தைக் குத்தப் பார்த்தாள், ஊசி இறங்கவில்லை.

ஆர்டித் முன்னால் போய் நின்றாள். பயிற்சியில் சொன்ன எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"பனி தள்ளலேன்னா பால் லாரி வராது," என்றாள்.

டெல்பர்ட் மெல்ல எழுந்தார். அவர் முகத்தில் உண்மையான மகிழ்ச்சி.

"முதல்ல ஆர்டித்துக்கு என் நன்றி. அவங்க வரலேன்னு நான் சொன்னது தப்பு, வாபஸ் வாங்கிக்கறேன். வந்துட்டாங்க. எந்த வழியா வந்தாங்க? பர்ச் மேட்டு வழியாத்தான். இன்னிக்கு அங்க பனி தள்ளினதா?"

"இல்ல," என்றான் நார்மண்ட், தலையைக் குனிந்தபடி.

"தள்ளாமலே வந்துட்டாங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?"

"டெல்பர்ட், நான் வந்தது டிராக்டர்ல!"

"உங்ககிட்ட டிராக்டரும் இருக்கு," என்றார் டெல்பர்ட், இன்னும் மகிழ்ந்து.

அவை அந்த வாதத்தின் எளிமையில் மயங்கியது. வராதவளுக்கு அக்கறை இல்லை. வந்தவளுக்குத் தேவை இல்லை. இப்படி இரண்டு பக்கமும் பூட்டக்கூடிய ஒரு கதவைச் செய்ய எத்தனை தலைமுறைத் தச்சு வேலை வேண்டும், யோசியுங்கள்!

கை தூக்கச் சொன்னார் நடுவர். ஆர்டித் திரும்பிப் பார்த்தாள். வழக்கமாக வரும் முப்பது பேரும் அவள் பக்கம் கை தூக்கியிருந்தார்கள். அடுப்பருகே தூங்கும் இருவரைக்கூட யாரோ எழுப்பிவிட்டிருந்தார்கள். நார்மண்ட் இரண்டு கையையும் தூக்க, நடுவர் ஒன்றை இறக்கச் சொன்னார். போன வருஷமாக இருந்திருந்தால் அதோடு கதை முடிந்து எல்லாரும் ஆப்பிள் பை என்னும் பலகாரத்தைச் சாப்பிடப் போயிருப்பார்கள்.

எதிர்ப்பக்கம் எண்ணினார்கள். அங்கே எண்ணி முடிக்கவே நேரம் பிடித்தது. எல்லா மார்பிலும் நட்சத்திரம்.

வெளியே வரும்போது நார்மண்ட் அவள் பின்னாலேயே வந்தான். "ஆர்டித், இப்ப போய் ஒரு தடவ தள்ளிவிட்டுடட்டுமா? யாருக்கும் தெரியாது."

"தீர்மானம் உடனே அமலாம்ல. உன் வேலையையும் சேத்துத் தள்ளிடுவானுங்க. போடா, போய் ஆப்பிள் பை சாப்பிடு."

சனிக்கிழமை பேரவையின் வெற்றிவிழா. வெர்மான்ட் மாநிலத்திலேயே மிக அதிக வருகைக்காக யாரோ ஒரு கேடயம் அனுப்பியிருந்தார்கள். ஆர்டித் சிறப்பு விருந்தினர், டிராக்டரில் வந்தாள். அதற்குள் அவளுடைய பால் தொட்டி நிரம்பி, இரண்டு வேளைப் பால் தொழுவத்துக்குப் பின்னால் பனிமேல் கொட்டப்பட்டுக் கிடந்தது. வெள்ளையின் மேல் வெள்ளை என்பதால் பார்ப்பதற்கு அசிங்கமாக ஒன்றும் இல்லை.

க்வென் கேடயத்தை உயர்த்திப் பிடித்தாள். "எல்லாத்துக்கும் தொடக்கம் இந்த ஆர்டித்! இவங்களுக்காக இந்த ஊரே திரண்டு வந்துச்சு!" கைதட்டல். கண்ணீர். பிறகு எல்லாரும் காபிக்கு வரிசையில் நின்றார்கள். வரிசை நகரவில்லை. முன்னால் நின்ற டெல்பர்ட் வெறும் கறுப்புக் காபியைக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

க்வென் ஆர்டித்தின் காதருகே குனிந்தாள். "ஆர்டித், பால் எங்க?"

"மேட்டுல இருக்கு," என்றாள் ஆர்டித், எல்லாருக்கும் கேட்கும்படி. "போய் எடுத்துக்குங்க. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் திரண்டு வர்ற ஊராச்சே."